செவலையைக் கடைத்தெருவுக்குப் பழக்கிய கதை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நாய் பழக்குகிறவனுக்கு ஊரின் அமைப்பே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. தெருக்கள் நூல் பிடித்தது போல நேராக ஓடுகின்றன. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளில் பல, கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் மட்டுமே திறக்கின்றன. எதிரே வருவது ஆடா, ஸ்கூட்டரா, வேறு நாயா என்பது வெகு தொலைவிலேயே தெரிந்துவிடும். சந்தும் திருப்பமுமான ஊரில் இந்த வசதி கிடையாது.

செவலை ஒரு சிப்பிப்பாறை நாய்க் கலப்பு. உறவினர் தோப்பில் வளர்ந்து, பெரியவளான பிறகுதான் எங்களிடம் வந்தாள். குட்டிக்கு 3 வாரம் முதல் ஏறக்குறைய 14 வாரம் வரையிலான பருவத்தில் பார்த்துப் பழகியவை பிற்பாடு அதை அவ்வளவாக மிரட்டுவதில்லை. தோப்பில் அவள் பார்த்தது தென்னையும் ஆடும்தான். ஆகவே பஸ் ஹாரன், பள்ளிக்கூடக் கூட்டம், குடை எல்லாமே பூதமாகத் தெரிந்தன. அதோடு இது கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை இனம். ஓடுகிற எதைக் கண்டாலும் கால்கள் தாமாகக் கிளம்பும்.

முதலில் கழுத்துப்பட்டையை மாற்றினேன். இந்த இனத்துக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன். சாதாரணப் பட்டை, பின்னுக்கு இழுத்தால் தலை வழியாகக் கழன்றுவிடும். இழுக்கும்போது ஓரளவு மட்டும் இறுகும் அகலப் பட்டை வாங்கினேன். முள்பட்டையைச் சிபாரிசு செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஆட்டைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால், ஆடு வந்தால் வலி வரும் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும்.

பயிற்சி என்று நான் செய்தது பெரும்பாலும் தூரத்தை அளந்ததுதான். விடிந்ததும் தெருமுனையில் நிற்போம். தொலைவில் ஆடு தெரியும். செவலையின் காது முன்னே மடங்கும், உடம்பு விறைக்கும். வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டை நீட்டுவேன். வாங்கித் தின்றால் அந்தத் தூரம் சரி. ஈரலைக் கூடத் திரும்பிப் பார்க்கவில்லையென்றால் மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். சத்தம் போடாமல் பின்வாங்குவேன். ஆட்டைப் பார்த்துவிட்டுத் தானாக என் முகத்தைப் பார்த்தால் உடனே ஈரல். நாளாக ஆக அந்தத் தூரம் சுருங்கியது. சில நாள் மறுபடி நீண்டது. அதற்காக நான் அலட்டிக்கொள்ளவில்லை. நமக்கும் எல்லா நாளும் ஒரே நாளா?

வெறும் ஈரலைத்தான் சொல்கிறேன். விருந்து வீட்டுக் குழம்பிலிருந்து எலும்பை எடுத்துப் போட வருகிறவர்களை இந்த வட்டாரத்தில் தடுப்பது தனி வேலை. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு, வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும் என்று சொன்னால், நான் கஞ்சன் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

மனிதர்களைப் பழக்குவது அதைவிடக் கடினம். திண்ணையிலிருந்து ஓர் ஆச்சி கேட்பார்: "தம்பி, கடிக்குமா?" இந்தக் கேள்விக்கு "ஒன்றும் செய்யாது" என்று பதில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். "பயந்த சுபாவம் ஆச்சி, தொடாமல் பாருங்கள்" என்பேன். "வைரவர் வாகனமப்பா, ஏன் பயப்படுகிறது?" என்று அவர் அங்கலாய்ப்பார். பக்கத்தில் வைரவர் கோயில் கொண்ட வைரவன்பட்டி இருக்க, நாய்க்கு இந்த மரியாதை கிடைப்பதில் வியப்பில்லை. பிள்ளைகள் கைநீட்டி ஓடிவந்தால் நான் நடுவில் நின்றுகொள்வேன். செவலை பதற்றத்தில் உதட்டை நக்கினாலும், தூக்கம் வராதபோதே கொட்டாவி விட்டாலும், வாலை ஒடுக்கினாலும் அன்றைய உலா முடிந்தது.

தெருநாய்க் கூட்டம் எதிர்ப்பட்டால் வீரம் காட்டுவதில்லை. ஓடாமல் திரும்பி அடுத்த தெரு வழியாகப் போவோம். ஆண்டுதோறும் போடும் வெறிநோய்த் தடுப்பூசியின் அட்டை எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்.

காரைக்குடிக்குப் போனது இதற்கெல்லாம் பிறகுதான். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே பித்தளைப் பாத்திரம் உருளும் ஓசை எந்த நாயையும் தூக்கிவாரிப் போடும். அதனால் வீட்டிலேயே முன்னேற்பாடு செய்திருந்தேன். பின்கட்டில் மனைவி ஒரு தாம்பாளத்தை மெல்லத் தட்ட, முகப்பில் நான் ஈரல் கொடுப்பேன். பிறகு தட்டும் ஓசையைக் கூட்டி, தூரத்தைக் குறைத்தோம். கூடவே ஒரு சாக்குத் துண்டின் மீது படுக்கவும் பழக்கினேன். சாக்கை எங்கே விரித்தாலும் அது அவளுடைய இடம். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் அதை விரித்தேன். அண்டாவை உருட்டிக்கொண்டு ஒருவர் போனார். செவலை தலையைத் தூக்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஈரலைத் தின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். கடைக்காரருக்கு இதில் பார்க்க ஒன்றுமே இல்லை. நான்தான் இன்னொரு டீ சொன்னேன்.

சித்திரை வெயிலில் இதையெல்லாம் வைத்துக்கொள்ளக் கூடாது. புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடிகள் வைக்க முடியவில்லையென்றால் அது நாயின் பாதத்துக்கும் ஆகாது. மஞ்சுவிரட்டு நாளில் சிராவயல் பக்கமும், வெடிச்சத்தம் கேட்கும் திருவிழாப் பக்கமும் அவளைக் கூட்டிப்போவதில்லை. மயில் விஷயம் இன்னும் சரியாகவில்லை. ஊரணிக் கரையில் மயில் இறங்கினால் ஈரலும் தெரியாது, நானும் தெரியாது. அந்தப் பக்கம் போகும்போது வாரை இரண்டு சுற்றாகக் கையில் பிடித்துக்கொள்கிறேன்.