ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது பி.காம்

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து தம்பி போன் பண்ணினான். என் மூத்தவள் கிரேடு 11 கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறாள் என்று சொன்னதும் அவனுக்கு ஒரே சிரிப்பு. "காமர்ஸ் படிக்கப் போற பிள்ளைக்கு எதுக்குக்கா இவ்ளோ கணக்கு? நீயே மூணாவது குரூப்தானே?"

மூணாவது குரூப்தான். பிளஸ் டூவில் கணக்குப் பாடமே எடுக்காமல் பி.காம். முடித்தேன். ஆடிட்டர் ஆபீசில் டைரி தூக்கினேன், கல்யாணமாகி டர்பன் வந்தேன். இன்றைக்கும் நகரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதித்தான் சம்பாதிக்கிறேன். ஊரில் அப்படி ஒரு வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அந்தக் கதவு வேறு பக்கம் திறக்கும். இங்கே வணிகப் படிப்புக்கு முதல் கேள்வியே கணக்குதான், அந்தக் கேள்வியைப் பதினைந்து வயதில் கேட்டுவிடுகிறார்கள்.

முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிரேடு 10இலிருந்து 12 வரை ஏழு பாடங்கள். வீட்டு மொழி ஒன்று, கூடுதல் மொழி ஒன்று, கணக்கு, வாழ்க்கைத் திறன் சொல்லித் தருகிற லைஃப் ஓரியன்டேஷன், அப்புறம் நாமே தேர்ந்தெடுக்கும் மூன்று. இந்தக் கணக்கு என்ற இடத்தில்தான் இரண்டு வழி. ஒன்று மேத்ஸ், இன்னொன்று மேத்ஸ் லிட்டரசி. எல்லாரும் மேத்ஸ் லிட் என்பார்கள். கிரேடு 9 முடிவதற்குள் எது என்று ஃபார்மில் டிக் அடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

மேத்ஸ் லிட் வினாத்தாளைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். எனக்கே பிடித்தது. மாநகராட்சி தண்ணீர் பில்லைக் கொடுத்து இந்த மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்பார்கள். வருமான வரி அட்டவணை வரும். வீட்டு வரைபடத்தைக் கொடுத்து எத்தனை டைல்ஸ் வாங்க வேண்டும் என்பார்கள், கடன் வட்டி வரும். "இதானேம்மா நிஜ வாழ்க்கைக்கு வேணும்?" என்றாள் மகள். நியாயமான கேள்வி. என் கடை முதலாளிக்கே இதில் பாதி தெரியாது.

ஆனால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பி.காமுக்கு மேத்ஸ் லிட்டை ஏற்பதில்லை. கிரேடு 10 முடிந்தபின் மேத்ஸிலிருந்து லிட்டுக்கு இறங்குவது சுலபம், லிட்டிலிருந்து மேத்ஸுக்கு ஏறுவது நடக்காத காரியம்.

இதில் ஆளை மயக்கும் விஷயம் மதிப்பெண்தான். 80 அல்லது அதற்கு மேல் வாங்கினால் லெவல் 7. 50இலிருந்து 59 வரை லெவல் 4. இந்த லெவல்களைக் கூட்டித்தான் பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கைப் புள்ளி போடுகின்றன. மேத்ஸில் தட்டுத் தடுமாறி 4 வாங்குகிற பிள்ளை லிட்டில் அலட்டிக்கொள்ளாமல் 7 வாங்கும். கூட்டிப் பார்த்தால் லிட் எடுத்தவன் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். ரிசல்ட் வந்த ஜனவரியில்தான், அத்தனை புள்ளி இருந்தும் அவன் விரும்பிய படிப்பின் பட்டியலிலேயே பெயர் வராது என்பது வீட்டுக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே இப்படி ஒரு பையன். கெட்டிக்காரன். இப்போது வேறு ஏதோ டிப்ளமோ படிக்கிறான்.

கிரேடு 9 பெற்றோர் கூட்டத்தில் ஓர் ஆசிரியை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்கள் பெண் கணக்கில் ஐம்பத்தெட்டில் நிற்கிறாள். எதற்கு ரிஸ்க்? லிட் எடுக்கட்டும், டிஸ்டிங்ஷன் நிச்சயம்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஜனவரியில் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காடு ஊரெல்லாம் பேசப்படுகிற நாட்டில், பிள்ளைகளை லிட் பக்கம் தள்ளுவதில் பள்ளிக்கும் ஒரு லாபம் இருக்கத்தான் செய்கிறது. அது என் அபிப்பிராயம். நான் சிரித்துத் தலையாட்டிவிட்டு மேத்ஸில் டிக் அடித்துக் கொடுத்தேன்.

டிக் அடித்தால் போதுமா? ஐம்பத்தெட்டு ஐம்பத்தெட்டாகவே இருக்கும். அங்கேதான் மாமனார் வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். பேத்தியின் நோட்டுகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். வட்டங்களில் பெரும்பாதி ஒரே தப்பு. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருந்தால் உள்ளே இருக்கிற குறிகள் எல்லாம் மாற வேண்டும் அல்லவா? இவள் முதல் உறுப்புக்கு மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறாள். கணக்கு முறை சரி, விடை தப்பு, மதிப்பெண் போச்சு. "இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராதுன்னு யார் சொன்னது? ஒரு குறிதான் வரல" என்றார். சாப்பாட்டு மேசையில் தினம் அரை மணி நேரம், அந்த ஒரு வகைக் கணக்கு மட்டும். கல்வித்துறை இணையதளத்தில் பழைய மேட்ரிக் (கிரேடு 12 இறுதித் தேர்வை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வினாத்தாள்கள் விடைக்குறிப்போடு இலவசமாகவே கிடக்கின்றன. அதையும் இறக்கிக் கொடுத்தேன். பிரைவேட் ட்யூஷனுக்குக் கொட்டிக் கொடுக்கிறவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம்.

மாமனாருக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்குக் காரணம் உண்டு. அவர் கல்லூரிக்குப் போன காலத்தில் இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு ஒதுக்கிய இடம் டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவு. பழைய கடற்படைத் தளம். 1961இல் அங்கே கல்லூரி திறந்தார்கள். பிள்ளைகள் படகில் போய்ப் படித்துவிட்டு வர வேண்டும். காற்றடித்தால் புத்தகமெல்லாம் நனைந்துவிடும் என்பார். 1972இல்தான் அது வெஸ்ட்வில் குன்றுக்குப் போனது. 2004இல் நாட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இப்போதைய குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகம் ஆனது. மாமனாருக்கும் வணிகம் படிக்க ஆசைதான். படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று யோசித்து வாத்தியார் ஆகிவிட்டார். மாமியார் பகலில் துணி ஃபேக்டரியில் மெஷின் ஓட்டி, மாலையில் எம்.எல். சுல்தான் கல்லூரியில் புக்கீப்பிங் படித்தவர். ஒப்பந்தக் கூலியாக வந்து வியாபாரத்தில் வளர்ந்த ஒரு மனிதரின் பணத்தில் எழுந்த கல்லூரி அது. இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் கலந்துவிட்டது.

மற்ற பாடங்களைப் பற்றி. பிசினஸ் ஸ்டடீஸ் என்ற பெயரைப் பார்த்து, வியாபாரத்துக்குப் போக அதுதான் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாகப் பல்கலைக்கழகங்கள் அதைக் கேட்பதில்லை. பக்கம் பக்கமாக எழுதுகிற பாடம், எழுத்து ஓடுகிற பிள்ளைக்கு மதிப்பெண் வரும், அவ்வளவுதான். அக்கவுன்டிங் பாடமும் பல இடங்களில் கட்டாயமில்லை. ஆனாலும் அதை எடுக்கச் சொன்னேன். முதல் வருடத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் படுகிற பாட்டை, எங்கள் கடைக்குப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மேட்ரிக்கில் அக்கவுன்டிங்குக்கு இரண்டு தாள், ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், இரண்டு மணி நேரம். கை வேகம் இல்லாவிட்டால் மூளை இருந்தும் பிரயோஜனமில்லை. இரண்டாவது விருப்பப் பாடம் எகனாமிக்ஸ். மூன்றாவதற்கு நாடகக்கலை வேண்டும் என்று அடம் பிடித்தாள். அவள் அப்பாவுக்கு ஃபிசிக்ஸ். கடைசியில் நாடகம் ஜெயித்தது. நாலு பேர் முன்னால் குரல் நடுங்காமல் நிற்கத் தெரிந்தால் எந்தத் தொழிலுக்கும் நஷ்டமில்லை என்று நான்தான் சமாதானம் செய்து வைத்தேன்.

கூடுதல் மொழியாக அவள் அப்பா வீட்டில் எல்லாரும் ஆஃப்ரிக்கான்ஸ் படித்தவர்கள். நான் இந்த மண்ணின் மொழியான சூலு என்றேன். மதிப்பெண் குறையும் என்று பயமுறுத்தினார்கள். கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. ஆனால் சனிக்கிழமை சந்தையில் வந்து பாருங்கள்.

சந்தை என்றால் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட். என் நாத்தனார் வீட்டுக்காரருக்கு அங்கே காய்கறிக் கடை. பெரியவள் சனிக்கிழமைகளில் அங்கே நிற்கிறாள். "யிமாலினி?" என்று கேட்கிற பாட்டியிடம் சூலுவிலேயே விலை சொல்லி, சூலுவிலேயே பேரம் பேசி, மாமாவை விட ஒரு ராண்ட் கூடுதலாக வாங்கிவிடுகிறாள். பேச்சை விட அவள் வைத்திருக்கும் நோட்டுதான் எனக்குப் பிடித்தது. கிளேர்வுட் மொத்தச் சந்தையில் என்ன விலைக்கு எடுத்தார்கள், காலையில் என்ன விலை, மதியம் என்ன விலை, எத்தனை கட்டு வாடிப் போனது, எல்லாம் எழுதுகிறாள். கொத்தமல்லியில் விலையை இரட்டிப்பாக வைத்தாலும் மதியத்துக்கு மேல் வாடுவதில் பாதி போகிறது. சேப்பங்கிழங்கில் லாபம் கம்மி மாதிரித் தெரியும், ஆனால் ஒன்றும் வீணாவதில்லை, அடுத்த வாரமும் விற்கலாம். இதை மாமாவிடம் காட்டினாள். "இது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார் அவர். மறுவாரம் மல்லி பாதிதான் எடுத்து வந்தார்!

பச்சைக் காய்கறிக்கு இங்கே வாட் பூஜ்யம், பிரவுன் பிரெட்டுக்கும் பூஜ்யம், வெள்ளை பிரெட்டுக்கு 15 சதவீதம். ஏன் அப்படி என்று பள்ளியில் கேட்பதற்கு முன்பே கடையில் கேட்டுவிட்டாள்.

அதற்கு முன்னால் கிரேடு 9இல் ஒரு கூத்து நடந்தது. ஈ.எம்.எஸ். என்கிற பொருளாதார, மேலாண்மைப் பாடத்துக்காகப் பள்ளியில் மார்க்கெட் டே. நான் விடியற்காலை எழுந்து கடலைமாவு, கீரை, வெங்காயம் போட்டுச் சில்லி பைட்ஸ் சுட்டுக் கொடுத்தேன். (நம் ஊர் பக்கோடாவுக்கு டர்பன் பெயர்.) சாயந்திரம் வந்து மேசையில் காசைக் கொட்டினாள். "அறுநூறு ராண்ட் லாபம்மா!" உட்கார வைத்தேன். மாவு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, பேப்பர் பை யார் வாங்கினது? அடுப்பு மூட்டுவதற்கு முன்னும் பின்னும் ப்ரீபெய்ட் மீட்டரில் யூனிட் எழுதி வைத்திருந்தேன், அதையும் போடு. அப்புறம் என் கூலி. "உனக்குமா?" என்று கண்ணை உருட்டினாள். நாட்டின் குறைந்தபட்சக் கூலிதான் கேட்டேன், சலுகையாக. மிச்சம் இருநூற்றுச் சொச்சம். அதில் எனக்கும் பங்கு உண்டா என்று கேட்டதற்கு, முதல் போட்டவர்களுக்குத்தான் பங்கு, கூலி வாங்கினவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரி, இப்போது கிரேடு 11. நம் ஊர்க்காரர்களுக்குப் புரிய வேண்டிய விஷயம் ஒன்று. இங்கே பள்ளி வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. மேட்ரிக் பரீட்சை அக்டோபர், நவம்பரில். பல்கலைக்கழக விண்ணப்பமோ அதற்கு முன்பே போக வேண்டும். எங்கள் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற ஒரே அலுவலகம் வழியாக, செப்டம்பர் 30க்குள். அப்படியென்றால், மேட்ரிக் ரிசல்ட் வருவதற்கு முன்னால் எந்த மதிப்பெண்ணைப் பார்த்துத் தற்காலிகமாக இடம் தருகிறார்கள்? பெரும்பாலும் கிரேடு 11 இறுதி மதிப்பெண்ணை. பெரிய தணிக்கை நிறுவனங்களும் வங்கிகளும் கொடுக்கிற உதவித்தொகைக்கும் பெரும்பாலும் அதுதான் கணக்கு. "மேட்ரிக்கில் பார்த்துக்கலாம்" என்று கிரேடு 11ஐ ஓட்டிவிடுகிறவர்கள் ஏராளம்.

பணம்தான் எங்களுக்குக் குழப்பம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் என்.எஸ்.ஃபாஸ் உதவி கிடைக்கும். எங்கள் இருவர் சம்பளம் சேர்ந்தால் அதைத் தாண்டுகிறது, கட்டணம் கட்டுகிற அளவுக்குத் தாண்டவில்லை. கணக்காயர் சங்கம் நடத்தும் துதூக்கா உதவித்தொகை ஆப்பிரிக்க, கலப்பின மாணவர்களுக்கானது. கோயிலில் நம்மவர்கள் சிலர் இதைச் சொல்லி முணுமுணுப்பார்கள். இந்த நாட்டில் முதல் கறுப்பின பட்டயக் கணக்காளராக வைஸ்மன் ந்குஹ்லு தேறியதே 1976இல்தான். படகில் போய்ப் படித்த மாமனாரே அந்தத் திட்டத்தைக் குறை சொல்லமாட்டார், நான் யார் சொல்ல?

பட்டயக் கணக்காளர் வழியும் ஊரைப் போல் இல்லை. ஊரில் பிளஸ் டூ முடித்த கையோடு ஃபவுண்டேஷன் எழுதலாம். இங்கே முதலில் சங்கம் அங்கீகரித்த பட்டம் மூன்று வருடம், அதன்மேல் ஒரு வருடப் பட்டப்பின் டிப்ளமோ, அப்புறம் ஆர்ட்டிகிள்ஸ் என்கிற மூன்று வருட வேலைப் பயிற்சி. நடுவில் இரண்டு தேசியத் தேர்வுகள். ஏழு வருடம், எங்கும் தட்டுப்படாமல் போனால். இதை வரிசையாகச் சொன்னபோது தம்பி சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

மகளோ இந்த ஏழு வருடக் கதையைக் கேட்டுவிட்டு, தான் கணக்கு எழுதப் போவதில்லை, கணக்கு எழுத ஆள் வைக்கப் போகிறேன் என்கிறாள். காய்கறி மொத்த வியாபாரம், குளிர்சாதன லாரி என்று ஏதேதோ சொல்கிறாள். அதற்கும் பி.காம். வேண்டும், பி.காமுக்கு மேத்ஸ் வேண்டும், ஆகவே எனக்குச் சண்டையில்லை.

சண்டை வேறு விஷயத்தில். என் கணவருக்குப் பெண் கேப் டவுன் போய்ப் படிக்க வேண்டும். எனக்கு வெஸ்ட்வில் போதும், வீட்டிலிருந்து போய் வரலாம், விடுதிச் செலவு மிச்சம். அவர் வெளியூர் அனுபவம் என்கிறார், நான் வாடகை என்கிறேன். மாமனார், "பிள்ளையைக் கேட்டீங்களா?" என்றார். கேட்டோம். ஜூன் பரீட்சை முடிகிற வரைக்கும் யாரும் தன்னிடம் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.