ஒலிநாடாவை ரிசீவரில் சேர்த்த மூன்று வாரங்கள்

அப்பா உடுக்கை அடித்து அம்மனுக்கு வருணிப்புப் பாடிய ஏழு கேசட்டுகள் பிஸ்கட் டின் ஒன்றுக்குள் கிடந்தன. மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் தோட்டம் ஒன்றில் அவர் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இல்லை. கோயில் மட்டும் இடம் மாறிச் சாலையோரத்தில் நிற்கிறது. 1980களின் திருவிழா இரவுகளில் ஒற்றை மைக் உள்ள சிறிய ரெக்கார்டரில் பதிந்தவை அந்தக் கேசட்டுகள். தீபாவளிக்குள் அம்மா அவற்றை வீட்டுக் கூடத்தில், நல்ல ஒலிபெருக்கிகளில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலை.

ஈப்போவில் பழைய சாமான் கடையில் 450 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கினேன். பல கருவிகளின் ஒலியை வாங்கி, பெருக்கி, ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும் பெட்டி அது. முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு ஒலிபெருக்கிகள், அடித்தொனிக்கென்று ஒரு சப்வூஃபர். கேசட் டெக் மச்சானுடையது. தொலைக்காட்சியும் செயற்கைக்கோள் டிகோடரும் முன்பே வீட்டில் இருந்தவை. வயரெல்லாம் மாட்டி முடிக்க ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

முதல் சனிக்கிழமை. ரிசீவரின் பின்பக்கம் சிவப்பு, வெள்ளைத் துளைகள் வரிசையாக இருக்கின்றன. எட்டிய கைக்கு ‘போனோ’ என்று எழுதிய ஜோடி கிடைத்தது. டெக்கின் வயரை அதில் செருகினேன். அப்பாவின் குரலுக்குப் பதிலாகத் தகரத்தில் கல் உருட்டியது போல ஒரு சத்தம், அடியில் ‘பொம்’மென்ற இரைச்சல். உடனே நிறுத்தினேன். போனோ என்பது இசைத்தட்டு ஓட்டும் கருவிக்கு மட்டும் உரியது. தட்டின் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை ரிசீவர் ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்குகிறது. அத்தோடு, தட்டு வெட்டும்போது குறைத்த அடித்தொனியைக் கூட்டி, கூட்டிய உச்சத்தொனியைக் குறைக்கிறது. டெக் தருவதோ சில நூறு மில்லிவோல்ட். ஏற்கெனவே போதுமான பலத்தோடு வரும் சிக்னலை அங்கே கொடுத்தால் அது நசுங்கித்தான் போகும்.

வயரை ‘சிடி’ என்ற ஜோடிக்கு மாற்றினேன். இப்போது சத்தமே இல்லை. டெக்கின் முள் துள்ளுகிறது, ஹெட்போனில் கேட்கிறது, ரிசீவர் ஊமையாக இருக்கிறது. வயரை மாற்றிப் பார்த்தேன், துளைகளைத் துடைத்தேன். காரணம் மெனுவில் இருந்தது. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ‘இன்புட் மோட்’ என்று தனித்தனியாக ஓர் அமைப்பு உண்டு: ஆட்டோ, எச்டிஎம்ஐ, டிஜிட்டல், அனலாக். முன்பு வைத்திருந்தவர் சிடி உள்ளீட்டை டிஜிட்டலில் பூட்டி வைத்திருந்தார். ரிசீவர் டிஜிட்டல் துளையையே பார்த்துக்கொண்டிருந்ததால், அனலாக் துளையில் வந்து நின்ற அப்பாவின் குரலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ரிமோட்டில் உள்ள ‘சிடி’, ‘டிவி’, ‘கேம்’ ஆகிய பெயர்கள் வெறும் பெயர்கள். பின்னால் உள்ள டிஜிட்டல் துளைகளில் எது எந்தப் பெயருக்குச் சொந்தம் என்பதை ‘இன்புட் அசைன்’ பக்கத்தில் ஓர் அட்டவணை முடிவு செய்கிறது. பழைய ரிசீவர் வாங்குகிறவர்கள் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, இருப்பதை நோட்டில் எழுதிவிட்டு, பிறகு வயரைத் தொடுங்கள். நான் கடைசியில் செய்ததை நீங்கள் முதலில் செய்யலாம். எங்கள் ஊரில் மாலை இடி இடித்தால் பிளக்குகளைப் பிடுங்குவது வழக்கம். நோட்டில் இருந்தால் எது எங்கே இருந்தது என்று தேட வேண்டாம்.

டிகோடரின் சத்தம் முன் ஒலிபெருக்கிகள் இரண்டில் மட்டும் வந்தது. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ தேர்ந்திருந்ததால் இரண்டு தடங்கள்தான் வெளியே போயின. வந்த டிஜிட்டல் ஒலியை அப்படியே அனுப்பும் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றியதும், 5.1ல் (ஐந்து ஒலிபெருக்கி, ஒரு சப்வூஃபருக்கான தடங்களோடு) வரும் நிகழ்ச்சிகளின்போது ரிசீவரின் முகப்பில் டால்பி டிஜிட்டல் எழுத்து எரிந்தது. செய்தி வாசிப்பவரின் உதடு பின்தங்கியதற்கு டிவி உள்ளீட்டில் மட்டும் 80 மில்லிசெகண்ட் தாமதம் வைத்தேன். இந்த இரண்டும் பத்து நிமிட வேலை.

அடுத்த வாரம் முழுவதையும் இரைச்சல் தின்றது. டெக்கை இணைத்தால், கேசட் ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் அடித்தொனி. சப்வூஃபரில் அது நெஞ்சில் படும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வு எங்கோ ஒலிக்குள் கலக்கிறது என்பது தெரிந்தது. எது கொண்டுவருகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வயராகக் கழற்றினேன். டெக்கை ரிசீவரிலிருந்து பிரித்தேன்; குறைந்தது, போகவில்லை. வேறு அறையின் பிளக்கில் போட்டேன், பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில், கூரை மேலிருக்கும் டிஷ்ஷிலிருந்து டிகோடருக்கு வரும் கேபிளைத் திருகிக் கழற்றினேன். கூடம் அப்படியே அமைதியானது. காற்றாடியின் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது.

டிஷ் கேபிள் ஒரு வழியாகப் பூமியைத் தொடுகிறது. சப்வூஃபரின் மூன்று முனை பிளக் இன்னொரு வழியாகத் தொடுகிறது. டிகோடர், தொலைக்காட்சி, ரிசீவர் மூன்றையும் எச்டிஎம்ஐ வயரின் செம்பு ஒன்றாகக் கட்டிவைத்ததால் அது ஒரு வளையமாகி, அதில் மின்சாரத்தின் அதிர்வு சுற்றி வந்தது. சிலர் பிளக்கின் பூமி முனையை உடைத்துவிடச் சொல்வார்கள். அதைச் செய்யவே கூடாது. அந்த முனை உயிரைக் காக்க இருப்பது. நான் தொலைக்காட்சிக்கும் ரிசீவருக்கும் இடையிலிருந்த எச்டிஎம்ஐ வயரை எடுத்துவிட்டு ஆப்டிகல் வயர் போட்டேன். அதற்குள் ஓடுவது ஒளி. செம்பு இல்லை, வளையம் அறுந்தது. டிகோடர் அனுப்பும் டால்பி டிஜிட்டல் 5.1க்கு ஆப்டிகல் தாராளமாகப் போதும். அட்டவணையில் டிவி என்ற பெயருக்கு எதிரே ஆப்டிகல் துளையைக் குறித்தேன்.

இழந்தது இரண்டு. ரிசீவரின் மெனு இனித் திரையில் தெரியாது. பெரிய மாற்றம் செய்ய வேண்டுமானால் எச்டிஎம்ஐயைத் தற்காலிகமாக மாட்ட வேண்டும். அம்மா தொலைக்காட்சி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைத்துவந்தார், அதுவும் போனது. ரிசீவரின் ரிமோட்டில் இரண்டு பொத்தான்களுக்கு மட்டும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். “மஞ்சளைத் தொட்டால் போதுமா? சரி, இது எனக்கு வரும்” என்றார்.

செவ்வாய்க்கிழமை இரவு ஒரு தவறு நடந்தது. கேசட் மெல்லியதாகக் கேட்டதால் ரிசீவரின் ஒலியை நன்றாகக் கூட்டி வைத்திருந்தேன். கேட்டு முடித்து டிவி உள்ளீட்டுக்குத் திருப்பியதும் விளம்பரம் ஒன்று வெடித்தது. பக்கத்தில் சாய்ந்திருந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அந்த இரவே ‘சோர்ஸ் லெவல்’ பக்கத்தைத் தேடினேன். ஒவ்வொரு உள்ளீட்டின் அளவையும் தனியாகக் கூட்டவும் குறைக்கவும் அதில் வழி உண்டு. 6 டெசிபெல் என்றால் மின்னழுத்தத்தில் இரு மடங்கு. மெலிந்ததை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நாடாவின் இரைச்சலும் கூடவே ஏறும். அதனால் டிவியை 5 டெசிபெல் குறைத்து, கேசட்டை 3 கூட்டினேன். இப்போது எதிலிருந்து எதற்குத் திருப்பினாலும் ஒரே அளவு. ஒரு ரிசீவரில் இந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் சரிசெய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் சரிசெய்யுங்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

மூன்றாம் வாரத்தைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும்.

கேசட் ஓடும்போது, இரண்டு தட ஒலியை எல்லா ஒலிபெருக்கிகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் ‘புரோ லாஜிக்’ முறையைப் போட்டுப் பார்த்தேன். இடது, வலது இரண்டையும் அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டிலும் ஒன்றாக இருப்பதை நடு ஒலிபெருக்கிக்கும், ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதைப் பின்பக்கத்துக்கும் அனுப்புகிறது. ஒற்றை மைக்கில் பதிந்த அப்பாவின் குரல் இரண்டு தடத்திலும் ஒன்றே. ஆகவே நடுவில்தான் வர வேண்டும். குரல் நடுவில்தான் வந்தது. ஆனால் ‘ச’, ‘ஸ’ ஓசைகள் மட்டும் அம்மாவின் தலைக்குப் பின்னால் சிதறின. உடுக்கையின் தோல் அடி முன்னாலும், அதன் நாண் எழுப்பும் கிணுகிணுப்பு பின் சுவரிலும் கேட்டன. ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்பது போல இருந்தது.

பழுது ரிசீவரில் இல்லை, நாடாவை உரசி ஒலியை வாசிக்கும் டெக்கின் ஹெட்டில் இருந்தது. அதன் மெல்லிய இடைவெளி நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிந்த ரெக்கார்டரின் ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கிறது, இந்த டெக் வேறு சாய்வில் இருக்கிறது. கேசட் நாடா நொடிக்கு 4.76 செண்டிமீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் 5,000 ஹெர்ட்ஸ் ஓசையின் ஓர் அலை நாடாவின் மேல் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளம்கூட இராது. தலைமயிரின் தடிப்பைவிடச் சிறிய சாய்வு போதும். ஒரு தடம் முந்தி, மறு தடம் பிந்தி, உச்ச ஓசைகள் எதிரெதிராகிவிடும். ரிசீவர் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே அவற்றைப் பின்னால் அனுப்பியிருக்கிறது.

ஹெட்டின் பக்கத்தில் சிவப்பு மை தடவிய சிறிய திருகாணி ஒன்று உண்டு. தொடுவதற்கு முன் அது நின்ற இடத்தை ஊசி நுனியால் கோடு போட்டுக்கொண்டேன். மற்ற கேசட்டுகளுக்குத் திரும்பி வர வேண்டுமே. திருப்புளியில் காந்தம் ஏறியிருக்கக் கூடாது. ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து ஒட்டுகிறதா என்று பார்த்தபின்தான் உள்ளே விட்டேன்.

நாடா ஓட, கதவு திறந்த டெக்குக்குள் திருப்புளியை வைத்து, மூச்சை அடக்கி, கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகரும் அளவு திருப்பினேன். இடப்பக்கம் திருப்பியதும் குரல் போர்வைக்குள் போனது. வலப்பக்கம் திருப்பினேன். ‘ச’ ஓசை பின் சுவரை விட்டு எழுந்து, கூடத்தின் குறுக்கே நகர்ந்து வந்ததை என் காதால் பின்தொடர முடிந்தது. இன்னும் சிறிது. உடுக்கையின் கிணுகிணுப்பு தோல் அடியோடு ஒட்டிக்கொண்டது. அப்பா மூச்சு இழுப்பது கேட்டது. நடு ஒலிபெருக்கிக்கு நேரே, சாமி படத்துக்குக் கீழே, அவர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். நாடாவின் இரைச்சல் இரண்டு தடத்திலும் வெவ்வேறு என்பதால் அது இருபுறமும் பரவி, குரலை விட்டு விலகிக்கொண்டது. கைகள் நடுங்கியதால் திருப்புளியை வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி நின்றார். எதுவும் சொல்லவில்லை. நாடாவின் கடைசிப் பகுதியில் கூட்டத்தின் பேச்சு ஓய்ந்து, எங்கோ தூரத்தில் இரும்பில் இரும்பு அடிக்கும் ஓசை நான்கு முறை கேட்டது. இத்தனை நாளும் டெக்கின் பழுது என்று நான் நினைத்திருந்த ஓசை அது.

“பெரட்டு மணி, காலையில் வேலைக்கு ஆட்களைக் கூப்பிடுகிற மணி” என்றார் அம்மா. “தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். விடிந்துவிட்டது. உன் அப்பா இதோடு பாட்டை முடித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்.”

நாடாவைப் பின்னோக்கி ஓட்டி, அந்த இடத்தை இன்னும் இரண்டு முறை கேட்டோம்.

இப்போதைய நிலை: ஏழில் நான்கு கேசட்டுகள் சரியாக ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் திருகாணியின் இடம் சிறிது மாறுகிறது. கேசட்டின் முதுகில் பென்சிலால் குறித்து வைக்கிறேன். இரண்டில் நாடா சுருளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். மீதியுள்ள ஒன்றில் நாடாவை ஹெட்டின் மேல் அழுத்தும் கம்பளித் துண்டு உதிர்ந்துவிட்டது. அம்மா அந்தக் கேசட்டின் மேல் உள்ள அப்பாவின் கையெழுத்தைப் படித்துவிட்டு, இதில் என் அக்காவுக்குக் காது குத்திய அன்று பாடியது இருக்கும் என்கிறார். சனிக்கிழமை காலை, கெட்டுப்போன வேறொரு கேசட்டிலிருந்து அந்தத் துண்டைப் பெயர்த்தெடுத்து ஒட்டப் போகிறேன்.