குளத்து நீர்மட்டப் பக்கம்: நேம்ஸ்பேஸ் பிரித்தபோது உடைந்தவை

வன்னியில் ‘புதுக்குளம்’ என்று மட்டும் சொன்னால் ‘எந்தப் புதுக்குளம்?’ என்று கேட்பார்கள். வலைப்பக்கம் எழுதும் நிரல்மொழியான பிஎச்பி கேட்காது. கிளாஸ் (தரவையும் அதற்கான வேலையையும் சேர்த்து வைக்கும் கோடுத் துண்டு) ஒன்றின் பெயரை, தான் நிற்கும் நேம்ஸ்பேஸுக்குள் (பெயர்கள் மோதாமல் பிரித்து வைக்கும் வட்டம்) மட்டும் தேடிவிட்டுக் கைவிரிக்கும்.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் மூன்றின் நீர்மட்டத்தையும் அடிக்கணக்கில் பதியும் சின்னப் பக்கம் இது. ஒரே ஃபைலில் கிடந்த கிளாஸ்களைப் பிரித்து ‘குளம்’ என்ற நேம்ஸ்பேஸில் போட்டாயிற்று. பிஎச்பியில் கிளாஸ் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கொம்போசர் என்ற பிஎச்பி கருவியின் ஜேசன் ஃபைலில், கிளாஸ் பெயரை வைத்து ஃபைலைத் தேடும் பிஎஸ்ஆர்-4 பகுதியில் ‘குளம்\\’ எந்த ஃபோல்டர் என்று காட்டி (ஜேசன் என்பதால் பின்சாய்கோடு இரண்டு), அந்தத் தேடல் பட்டியலைப் புதுப்பிக்கும் டம்ப்-ஒட்டோலோட் கட்டளையை ஓட்டினால் சரி.

முதல் பிழை: பிஎச்பியின் சொந்தக் கிளாஸான டேட்டைமை அழைத்தால், ‘குளம்\டேட்டைம்’ இல்லையாம். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு, எந்த நேம்ஸ்பேஸும் சேராத ‘\டேட்டைம்’ ஆக்கியதும் ஓடியது. ஸ்டர்லென் (எழுத்துச்சரத்தின் நீளம் தருவது) போன்ற ஃபங்ஷனுக்கு இந்தத் தொல்லை இல்லை. உள்ளே கிடைக்காவிட்டால் வெளியிலும் தேடும்.

வீசிய பிழையைப் பிடிக்கும் காட்ச் இதைவிடக் கள்ளத்தனமானது. அதில் வெறும் ‘எக்ஸெப்ஷன்’ என்று எழுதினால் ‘குளம்\எக்ஸெப்ஷன்’ என்றே எடுக்கும். அப்படியொரு கிளாஸே இல்லை, ஆனாலும் முறைப்பாடு வராது. வீசிய பிழை பிடிபடாமல் தாண்டிப்போய்ப் பக்கமே விழும். இங்கேயும் பின்சாய்கோடுதான் மருந்து.

அடுத்தது, கிளாஸ் பெயரை ஸ்ட்ரிங்காக (மேற்கோளுக்குள் எழுதும் எழுத்துச்சரம்) வைத்து, நியூ போட்டு அந்தக் கிளாஸில் ஒரு பொருளை உருவாக்கும் இடம். மேலே முழுப்பெயரைச் சொல்லிவைக்கும் யூஸ் வரி இருந்தும் ‘நீர்மட்டம்’ கிடைக்கவில்லை. யூஸ், கம்பைல் ஆகும்போது கோடில் உள்ள பெயரைத்தான் விரிக்கும். மேற்கோளுக்குள் இருப்பதைத் தொடாது. ‘நீர்மட்டம்::கிளாஸ்’ என்று எழுதினால் ‘குளம்\நீர்மட்டம்’ என்ற முழுப்பெயர் வரும். பிஎச்பி 5.5 முதல் உள்ள வசதி. ஆனால் கிளாஸ் உண்மையிலேயே இருக்கிறதா என்று அது பார்க்காது. ‘நீர்மடம்::கிளாஸ்’ என்று பிழையாக அடித்தாலும் பேசாமல் ஒரு பெயரைத் தரும். நியூ வரும்போதுதான் உடையும்.

அதிக நேரம் தின்றது ‘கொள்ளளவு’. ஃபைல் இருக்கிறது, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஆனால் கிளாஸ் இல்லையாம். யூனிகோடில் ‘கொ’வின் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பிஎச்பியோ பைட்டைத்தான் ஒப்பிடும். ஒரு கீபோர்டில் அடித்த கிளாஸ், இன்னொன்றில் அடித்த யூஸ் வரி. பெயரை ஓரிடத்திலிருந்து கொப்பி எடுத்து, ஃபைல் பெயர் உட்பட எல்லா இடத்திலும் ஒட்டியதும் சரிவந்தது. ‘மொத்தவரவு’ கிளாஸிலும் ‘மொ’ உண்டு, அது இனித்தான்.