119 கிலோவுக்கு ஒரு பாராசூட்

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங் பயிற்சிக்கான விண்ணப்பத்தில் எடை என்ற இடத்தில் 92 என்று எழுதினேன். அப்போது என் எடை 101. ஒன்பது கிலோவை மறைத்ததற்கு வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. என்னைப் போல உடம்பு உள்ள யாராவது இப்போது அதே மாதிரி ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தால், தயவுசெய்து உண்மையான எண்ணை எழுதுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூரில் விமானம் ஏறி, வடக்கே ஒரு பயிற்சித் தளத்துக்குப் போனேன். முதல் நாள் வகுப்பு நன்றாகவே போனது. இரண்டாம் நாள் காலையில் ஹார்னஸ், அதாவது உடம்பைப் பாராசூட்டோடு கட்டும் பட்டைகள், மாட்டினார்கள். தொடையைச் சுற்றி வரும் பட்டையை பக்கிளில் கோத்து இழுத்தால், பட்டையின் முனை மடிப்பு பக்கிளை ஒட்டி வந்து நின்றுவிட்டது. இனி தளர்த்த ஒரு விரல் இடம்கூட இல்லை. பயிற்சியாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு தராசில் ஏறச் சொன்னார். அப்புறம் "இருபது கிலோ குறைச்சிட்டு வாங்க" என்றார். ஏன் இருபது, ஏன் பத்து போதாது என்று கேட்டேன். பதில் இல்லை. என்னை அன்றைக்குக் குதிக்க விடாதது முழுக்கச் சரி, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு கணக்கும் சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. திரும்பி வரும்போது பேருந்து பர்லியாறு தாண்டும் வரை அழுதுகொண்டே வந்தேன்.

குன்னூரை ஒட்டிய வெலிங்டன் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ராணுவத்தில் பாராசூட் மடித்துக் கட்டும் வேலை பார்த்தவர், ஆக்ராவில் இருக்கிற பாராசூட் பயிற்சிப் பள்ளியிலும் இருந்திருக்கிறார். அப்பாதான் என்னை அவரிடம் கூட்டிப் போனார். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"ஏம்மா, ஒரு சிப்பாய் முதுகுல குடை, முன்னால அவசரத்துக்கு ரிசர்வ் குடை, கீழ கட்டின மூட்டை, துப்பாக்கி எல்லாத்தோடயும்தான் குதிக்கிறான். சேர்த்துப் பார்த்தா நூறைத் தாண்டிரும். அவனை யாரும் போய் இளைச்சிட்டு வான்னு சொல்றதில்ல. குடைக்கு மொத்த எடை மட்டும்தான் தெரியும். அதை நீ சரியா சொல்லணும், அவ்வளவுதான்."

ஆனால் ஒன்றையும் சேர்த்தே சொன்னார். அவர் வேலை பார்த்தது வட்டக் குடைகளில், விளையாட்டுக்குக் குதிப்பவர்கள் பயன்படுத்துவது சதுரக் குடை, அதற்கு வேறு கணக்கு, அதைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள் என்று. நான் கேட்டேன், படித்தேன், ஒரு நோட்டு முழுக்க எழுதினேன்.

முதலில் தெரிய வேண்டியது எக்ஸிட் வெயிட். விமானத்தின் கதவை விட்டு வெளியே போகும்போது உங்களோடு சேர்ந்து போகும் எல்லாவற்றின் எடை. உடம்பு, துணி, ஷூ, ஹெல்மெட், முதுகில் இருக்கும் ரிக், அதாவது ஹார்னஸும் பாராசூட்டுகளும் சேர்ந்த பை, எல்லாம் அதில் சேரும். எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு, பறித்த இலையை ஒரு தொழிற்சாலைக்குத்தான் போடுகிறோம். வீட்டுத் தராசை நம்பாமல் அங்கேயே போய், இலை எடை போடும் மேடைத் தராசில் ஏறினேன். மழை தூறிக்கொண்டிருந்தது, தராசின் இரும்புத் தகடு முழுக்க ஈரம், ஓரத்தில் இரண்டு இலைகள் ஒட்டிக்கிடந்தன. ஜாக்கெட், ஷூ, அண்ணனின் பைக் ஹெல்மெட், அப்புறம் ரிக்குக்குப் பதிலாக முதுகுப் பையில் 15 கிலோ அரிசி. 119 என்று சிவப்பு எழுத்தில் வந்தது. எடை போடும் அண்ணன் நோட்டை எடுத்துவிட்டு, "சாக்கைக் கழிச்சிரவா?" என்றார். இலைக்கு சாக்கின் எடையையும் ஈரத்தையும் கழிப்பார்கள். இதில் எதையும் கழிக்கக் கூடாது அண்ணா என்றேன்.

சரி, இப்போது அந்த 119-ஐ என்ன செய்வது? இந்தக் கணக்கைப் பெரும்பாலும் பவுண்டிலும் சதுர அடியிலும்தான் போடுகிறார்கள். 119 கிலோ என்றால் 262 பவுண்டு. அதைக் கேனோபியின், அதாவது மேலே விரியும் குடையின், பரப்பால் வகுத்தால் வருவது விங் லோடிங். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது 1-ஐத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வழக்கம். 300 சதுர அடிக் கேனோபியில் எனக்கு வருவது 0.87. 260-இல் 1-ஐத் தொட்டுவிடும். 210-இல் 1.25. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் விங் லோடிங்கின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் வேகம் கூடும் என்பதால், 300-க்குப் பதில் 210-இல் நான் இறங்கினால் தரைக்கு வரும் வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம். பெரிய கேனோபி 1-க்குக் கொஞ்சம் மேலே போனாலும் சாதுவாகத்தான் பறக்கும் என்று சிலர் சொல்வார்கள். திரும்பும்போது அது சாதுதான், உண்மை. ஆனால் எடை கூடக் கூடக் கணுக்காலும் முழங்காலும் அதே அளவுக்குத் தடித்துவிடுவதில்லையே. கனமான உடம்பு தப்பாக இறங்கினால் வாங்கும் அடி பெரிது. நான் 1-க்குக் கீழேதான் இருப்பேன், யார் என்ன சொன்னாலும்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் உடனே கேட்பது, ஊட்டியில் குதிக்க முடியாதா என்று. யூகலிப்டஸ், தேயிலைச் சரிவு, கரண்ட் கம்பி, இறங்க சமதளம் எங்கே இருக்கிறது? அதைவிட முக்கியம் காற்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் அதே ஆள், அதே கேனோபி, கடல் மட்டத்தில் இறங்குவதைவிட சுமார் 12 சதவீதம் வேகமாக இறங்குவார். கனமானவர்கள் பயிற்சிக்கு ஊர் தேடும்போது அந்த இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ரிசர்வ், அதாவது மெயின் என்கிற முதல் குடை கெட்டுப்போனால் திறக்கும் மாற்றுக் குடை. எனக்கு அந்த இருபது கிலோ புதிர் அவிழ்ந்தது இங்கேதான். ரிசர்வ் பாராசூட்டில் ஒரு லேபிள் இருக்கும், பெரும்பாலும் அதில் அதிகபட்ச எடை இருக்கும். ஹார்னஸுக்கும் தனி வரம்பு உண்டு. இவற்றில் எது குறைவோ அதுதான் மொத்த ரிக்கின் வரம்பு. நிறைய லேபிள்களில் நீங்கள் பார்க்கப்போகும் எண் 254 பவுண்டு, அதாவது 115 கிலோ. முந்தைய சான்றளிப்பு விதிகளிலேயே இருந்த எண் அது. அதற்கு மேலும் சோதித்துச் சான்று வாங்கிய ரிசர்வ்கள் உண்டு, ஆனால் பயிற்சிப் பள்ளியில் அது இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. என் மொத்தம் 119. வரம்பு 115. நான்கு கிலோ! இருபது இல்லை, நான்கு. அன்றைக்கு யாராவது அந்த லேபிளை எனக்குத் திருப்பிக் காட்டியிருந்தால் போதுமே.

கொஞ்சம் இடம் விட்டுவைக்கலாம் என்று ஏழு கிலோ குறைத்தேன். குன்னூரில் பெட்போர்டிலிருந்து சிம்ஸ் பூங்கா வரை தினமும் ஏற்றத்தில் நடை, ஐந்து மாதம். மொத்தம் 112 ஆனது, 247 பவுண்டு.

ஹார்னஸ் விஷயத்தைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. குண்டாக இருப்பவருக்கு பெரிய சைஸ் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பெரிய சைஸ் என்பது பெரும்பாலும் உயரமான ஆண்களுக்கு வெட்டியது. என் உயரம் 158 சென்டிமீட்டர். தோளிலிருந்து இடுப்புக்கு வரும் நேர்ப்பட்டை, மெயின் லிஃப்ட் வெப் என்பார்கள், அது எனக்கு நீளம், தொடைப் பட்டையோ போதாது. இரண்டும் ஒரே ஹார்னஸில். நேர்ப்பட்டை நீளமாக இருந்தால் கேனோபி விரிந்ததும் ஹார்னஸ் மேலே ஏறும், மார்புப் பட்டை கழுத்துப் பக்கம் வரும், அதோடு சேர்ந்து ஹேண்டில்களும் இடம் மாறும். வலது பக்கம் இருப்பது கெட்டுப்போன மெயினை அறுத்துவிடும் கட்அவே, இடது பக்கம் ரிசர்வ். மார்பும் வயிறும் பெரிதாக இருப்பவர்களுக்கு இந்த இரண்டும் பக்கவாட்டில் தள்ளிப்போய் கண்ணில் படாமல் இருக்கலாம். ஆகவே ஹார்னஸை மாட்டி நின்று பார்ப்பது போதாது, தொங்கிப் பார்க்க வேண்டும். தொங்கிக்கொண்டே குனிந்து இரண்டு ஹேண்டிலையும் பார்க்க முடிகிறதா, கை போகிறதா, பையின் அடியில் இருக்கும் மெயின் ஹேண்டிலை வலது கையால் பின்னால் தொட முடிகிறதா என்று பத்துத் தடவையாவது. தோள் இறுக்கம் உள்ளவர்களுக்குக் கடைசியில் சொன்னதுதான் கஷ்டம், முன்கூட்டியே வீட்டில் பழகுங்கள். நேர்ப்பட்டையை ஏற்றி இறக்கக்கூடிய மாணவர் ரிக்குகள் இருக்கின்றன. நான் இரண்டாவது பள்ளிக்கு மெயில் அனுப்பும்போது உயரம், எடை, மார்பு, இடுப்பு, தொடையின் மேல் சுற்றளவு எல்லாம் எழுதி, உங்களிடம் இருக்கும் பெரிய கேனோபி எத்தனை சதுர அடி, ரிசர்வ் லேபிளில் என்ன எடை என்று நேராகவே கேட்டேன். ஒளிக்காமல் எழுதியதால் ஒரே நாளில் நேரான பதில் வந்தது.

ஜம்ப்சூட் கதை சந்தோஷமானது. குப்புற விழும்போது சராசரி ஆள் மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுவார், கனமானவர் அதைவிட வேகமாக. கூடவே பிடித்துக்கொண்டு வரும் பயிற்சியாளர்கள் நம் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். அதனால் ஒல்லியானவர்களுக்கு வழவழப்பான நைலானில் இறுக்கமான சூட், நம்மைப் போன்றவர்களுக்குக் காற்றைப் பிடிக்கிற பருத்திக் கலப்புத் துணியில் கையும் காலும் தொளதொள என்று. அந்தப் பள்ளியின் பெரிய சூட் எனக்குச் சேராது என்று தெரிந்ததும் குன்னூர் மவுண்ட் ரோட்டில் எனக்குத் தைக்கும் பாயிடம் போனேன். விவரத்தைக் கேட்டுவிட்டு ஒரு கட்டுத் துணியைப் பிரித்து விரலால் உரசிக் காட்டினார்.

"பள்ளிக்கூட யூனிபார்ம் துணிம்மா. டெரிகாட்டன். வருஷம் முழுக்கப் பசங்க இழுத்து அடிச்சாலும் கிழியாது. போதுமா?"

போதும் பாய் என்றேன். கரும்பச்சை. கையும் காலும் தொளதொள, உடம்பில் மட்டும் ஒட்டி நிற்க வேண்டும், பாக்கெட் வேண்டாம், தொங்கும் மடிப்பு எதுவும் வேண்டாம், ஏனென்றால் ஒரு மடிப்பு ஹேண்டிலை மூடிவிட்டால் அது உயிர் விஷயம். அவர் அந்த இடத்தை சாக்கட்டியால் இரண்டு கோடு போட்டு வைத்துக்கொண்டார். நீங்களும் தைத்தால் கட்டாயம் பயிற்சியாளரிடம் காட்டி, ஹார்னஸோடு போட்டுப் பார்த்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் குதிக்க வேண்டும். எனக்கு மார்புப் பக்கம் ஒரு மடிப்பைத் தைத்துவிடச் சொன்னார்கள், அங்கேயே தைத்தேன்.

தாய்லாந்தில் அந்த இரண்டாவது பள்ளியில் குதித்தேன். 13,000 அடி, இரண்டு பக்கமும் இரண்டு பயிற்சியாளர்கள். 5,500 அடியில் கையைப் பின்னால் கொண்டுபோனேன், ஹேண்டில் பழகின இடத்திலேயே இருந்தது, இழுத்தேன். ஒரு பெரிய இழுப்பு, அப்புறம் அமைதி. அண்ணாந்து பார்த்தால் 300 சதுர அடி நீலம், மூலைகள் நான்கும் நேராக. தொடைப் பட்டை ஒரு இம்மி நகரவில்லை. கீழே வயல், நீர், நீர், வயல். ரேடியோவில் சொன்னபடி கடைசிப் பத்தடியில் இரண்டு கயிற்றையும் இழுத்தேன், வேகம் குறைந்தது, கால் வைத்தேன், இரண்டடி ஓடி முழங்காலில் உட்கார்ந்தேன். மண் ஈரமாக இருந்தது. ஒரு அடியும் படவில்லை.

இப்போது சொந்த ரிக் தேடுகிறேன், பழையது. பெரிய மெயினோடு சின்ன ரிசர்வைக் கட்டி விற்கிறார்கள், இதைக் கவனியுங்கள். 176 சதுர அடி ரிசர்வில் எனக்கு விங் லோடிங் 1.4 வரும். ரிசர்வை நாம் திறப்பதே மோசமான நேரத்தில், மயங்கிக்கிடக்கும்போது சைப்ரஸ் போன்ற கருவி 225 மீட்டரில் தானாகத் திறந்துவிட்டதாகவும் இருக்கலாம். அப்போது பிரேக் பிடிக்க ஆள் இல்லை. மெயினும் பழைய எஃப்-111 துணி என்றால், நூற்றுக்கணக்கான குதிப்புக்குப் பிறகு காற்றை விட ஆரம்பித்திருக்கும், அதைக் கனமானவர்தான் முதலில் உணர்வார். எத்தனை குதிப்பு, எந்தத் துணி என்று கேட்டு, பாராசூட்டைச் சோதித்து மடித்துக் கட்டும் ஒரு ரிக்கர் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

போன வாரம் ஒருவர் எனக்கு ஏற்றது என்று ஒரு ரிக்கின் படம் அனுப்பினார். முதுகுப் பை, பட்டைகள், மெயின் எல்லாம் அழகாக எடுத்திருக்கிறார். ரிசர்வ் லேபிளை மட்டும் காணோம். அதன் படம் வந்த பிறகு விலை பேசலாம் என்று எழுதியிருக்கிறேன்.