கண் தெரிகிறதே, பிறகு எதற்கு நாய்?

லண்டனில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். பகலில் சோறு கறி, பின்னேரம் தோசை, கொத்து ரொட்டி. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம், அறுபது வயது மதிக்கக்கூடிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நாயோடு உள்ளே வந்தார். நாயின் முதுகில் அரக்கு நிறத்தில் ஒரு அங்கி. கல்லாவில் நான்தான் நின்றேன்.

பார்வையற்றவர்களின் வழிகாட்டி நாயைத் தடுக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இவரோ சுவரில் இருந்த மெனுவை நின்று வாசித்துக்கொண்டிருந்தார். கண் நன்றாகத் தெரிகிறதே, பிறகு எதற்கு நாய்? "ஸாரி, நோ டாக்ஸ்" என்றேன். பையில் இருந்து ஏதோ எடுத்துக் காட்ட வந்தார். பின்னால் வரிசை நின்றது. நான் கையால் வாசலைக் காட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. தனக்குக் காது கேட்காது என்றும், கதவு மணி, அலாரம் போன்றவற்றைத் தன் நாய் மூக்கால் இடித்துச் சொல்லும் என்றும் எழுதியிருந்தார். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தையும் குறிப்பிட்டிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

என் முதல் பயம் வாசல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சுகாதார ஸ்டிக்கரைப் பற்றியது. பாடுபட்டு வாங்கிய 5, அதுதான் ஆகக்கூடிய புள்ளி. நாயை விட்டால் அது போய்விடுமோ என்று கவுன்சிலுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். சமைக்கும் இடத்துக்குள் வரக்கூடாது, ஆட்கள் இருந்து சாப்பிடும் இடத்தில் உதவி நாய் இருக்கலாம் என்றார்கள். அப்புறம் சட்டத்தைத் தேடி வாசித்தேன். அங்கி போட்டிருக்க வேண்டும், அட்டை காட்ட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இப்படித் திருப்பி அனுப்பியதற்கு அவர் கவுண்டி கோர்ட்டில் நட்டஈடு கேட்டிருக்கலாம். இந்த நாய்களைப் பழக்கிக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் 1982 முதலே இங்கே இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன், சாப்பிட வரச் சொன்னேன். கதவில் உதவி நாய்களை வரவேற்கிறோம் என்று ஒரு ஸ்டிக்கர், மூலையில் நாய் படுக்க இடம் விட்டு ஒரு மேசை. அங்கி போட்டிருந்தால் நாய் வேலையில் இருக்கிறது, தடவக்கூடாது, வடை போடக்கூடாது என்று பெடியன்களுக்குச் சொன்னேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவர் வந்தார். எல்லோரும் நாயையே பார்த்தோம். நான் பில் மெஷினைக் குத்திக்கொண்டே "உறைப்புப் போடவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பதில் இல்லை. சத்தமாகக் கேட்டேன். அதற்கும் இல்லை. கடைசியில் அவரே சொன்னார்: குனிந்தால் வாய் தெரியாது, கத்தினால் உதட்டின் வடிவம் மாறிவிடும். கொஞ்சம் தயங்கி, உங்கள் மீசையும் மறைக்கிறது என்றார். அன்றிரவே ஓரத்தைக் கத்தரித்தேன். மனிசி இன்னும் சிரிக்கிறாள்.

மூன்றாவது முறை வந்தபோதுதான் உறைத்தது. தோசைக்கல் புகைந்து அலாரம் அடித்தது. எங்களுக்கு இது வாரத்தில் இரண்டு தரம் நடப்பது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாய் எழுந்து அவர் தொடையை மூக்கால் இடித்தது. அவர் குனிந்ததும் தரையோடு படுத்துவிட்டது. ஆபத்து என்பதற்கு அதுதான் அடையாளமாம். அவர் கரண்டியை வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாற்பது பேர் இருந்த கடையில் அலாரத்தைச் சரியாக மதித்தது காது கேட்காத அவர் ஒருவர்தான். ஓடிப்போய், ஒன்றுமில்லை, தோசைப் புகை என்று மெதுவாக முகம் பார்த்துச் சொன்னேன்.

அந்த நாய் இல்லாமல் காது கேட்காத ஒருவர் எங்கள் கழிவறைக்குள் இருந்திருந்தால்? அடுத்த மாதம் கழிவறையிலும் கூடத்திலும் அலாரத்தோடு மின்னும் சிவப்பு விளக்கு பூட்டினோம். பார்சலுக்கு நம்பர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, பலகையில் எழுதுகிறோம். ஸ்டிக்கர் ஒட்டியது ஐந்து நிமிட வேலை. இதற்குத்தான் காசும் நாளும் போனது.

கோயிலால் வரும் ஒரு ஐயா மட்டும் "சாப்பிடுற இடத்தில நாயோ தம்பி?" என்று முகம் சுளித்தார். விளக்கம் சொல்லி, தள்ளி ஒரு மேசை கொடுத்தேன். திரும்ப வருகிறார், ஆனால் அந்த மூலைப் பக்கம் பார்ப்பதில்லை.

சமையல்கார அண்ணையின் கதை வேறு. சின்ன வயதில் ஊரில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். "வந்திட்டுதோ?" என்று ஜன்னலால் எட்டிப் பார்ப்பார். கண்டால் உள்ளேயே நின்றுவிடுவார். அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை, அந்த மேசைக்குத் தட்டு கொண்டுபோவது நான்தான்.