செவலையின் தலையீத்து

ஜனவரி 9
எங்கள் பசு செவலைக்கு நாள் நெருங்கிவிட்டது. ஏப்ரல் முதல் வாரம் சினை ஊசி போட்டது. மாட்டுக்குச் சுமார் 280 நாள் கணக்கு, அதனால் பொங்கலை ஒட்டி ஈனும். இங்கே சிங்கப்பூரில் வேலை முடிந்து உட்லண்ட்ஸ் வந்ததும், ஊரிலிருந்து அண்ணன் வீடியோ காலில் காட்டினார். மடி இறங்கியிருக்கிறது, வாலடியில் இருபக்கமும் தளர்ந்து குழி விழுந்திருக்கிறது. முதல்முறை ஈனும் தலையீத்துக் கிடாரி, இடுப்பு குறுகல். அதுதான் எனக்குப் பயம்.

ஜனவரி 12
லிம் சூ காங் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கும் நண்பரைத் தேக்காவில் பார்த்தேன். ஆடுகளுக்கு 150 நாள்தான், பெரும்பாலும் இரட்டைக் குட்டி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சிக்கினால், கைக்கு அகப்பட்ட கால்கள் ஒரே குட்டியுடையவையா என்று உடம்புவரை தடவிப் பார்த்த பிறகே தொட வேண்டும் என்றார். உடனே அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 14
இங்கே இரவு இரண்டு மணி, ஊரில் பதினொன்றரை. பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் இரண்டு குளம்புகள் மட்டுமே தெரிந்தன. முன்கால்கள்தான், முதல் இரண்டு மூட்டுகளும் ஒரே பக்கம் மடங்கின. பின்காலாக இருந்தால் எதிரெதிராக மடங்கும். முன்கால்களின் மேல் தலை வைத்தபடிதான் கன்று வர வேண்டும். "சாமி, மூஞ்சியவே காணோமே" என்று அம்மா அழுதார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கயிறு கட்டி இழுக்கலாம் என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்று போனிலேயே கத்தினேன். தலை மடங்கிக் கிடக்கும்போது இழுத்தால் கன்றும் போகும், தாயின் கருப்பையும் கிழியும்.

மருத்துவர் வந்து கைவிட்டுப் பார்த்தார். தலை விலாப் பக்கம் திரும்பியிருந்தது. முக்கல் நின்ற இடைவெளியில் கன்றை உள்ளே தள்ளி, மூக்கைக் கையால் பொத்திப் பிடித்துத் தலையை நேராக்கினார். அப்புறம்தான் கயிறு. செவலை முக்கும்போது மட்டும், கொஞ்சம் கீழ்நோக்கி இழுத்தார்கள். கிடாரிக் கன்று! மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்ததும் மூச்சு வந்துவிட்டது.

ஜனவரி 15
மாட்டுப் பொங்கல். நஞ்சுக்கொடி விடிவதற்குள் விழுந்துவிட்டது, பெரிய நிம்மதி. கன்றால் எழ முடியவில்லை, சீம்பாலைப் பீய்ச்சிப் புட்டியில் புகட்டியிருக்கிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி மாட்டின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போகாது. முதல் சில மணி நேரத்துச் சீம்பாலில்தான் கிடைக்கும்.

மத்தியானம் அண்ணி அழைத்தார். கன்று தானே எழுந்து காம்பைப் பிடித்துவிட்டதாம். செவலை தீனி எடுக்கிறதா என்று சாயங்காலம் கேட்க வேண்டும்.