டச்டவுன் இல்லாமல் ஏழு புள்ளிகள்

2022 செப்டம்பர் 3 அன்று அயோவா பல்கலைக்கழக அணி சவுத் டக்கோட்டா ஸ்டேட் அணியை 7-3 என்று வென்ற ஆட்டத்தை முழுவதும் பார்த்தேன். அமெரிக்கக் கால்பந்தில் ஏழு புள்ளிகள் என்றால், பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் ஒரு டச்டவுனும் அதன் பின் ஓர் உதையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அன்று அயோவா ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்த ஒரு ஃபீல்டு கோலில் 3 புள்ளிகள் வந்தன. மீதி நான்கும், பந்து வைத்திருந்த எதிராளியை அவருடைய எல்லைக்குள்ளேயே மடக்கி, இரண்டு சேஃப்டிகள் மூலம் தடுப்பாட்டக்காரர்கள் ஈட்டியவை. ஆஸ்திரேலியரான டோரி டெய்லர் உயர உதைத்த பந்து எதிரணியின் எல்லைக்கோட்டை ஒட்டிப் போய் விழும்போதெல்லாம், மைதானத்தில் டச்டவுனுக்கு எழும் ஆரவாரமே எழுந்தது.

தடுப்பாட்டம் வலுவாகவும் தாக்குதல் பலவீனமாகவும் இருந்த இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் அன்றைய ஆட்டத்தில் இல்லை. யார் யாரைச் சேர்த்தார்கள், சேர்த்தவரை யார் வளர்த்தார்கள் என்பதில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். தலைமைப் பயிற்சியாளரின் பெயர்தான் செய்திகளில் வரும். ஆனால் பள்ளி பள்ளியாகச் சென்று மாணவனைப் பார்ப்பதும், அவன் வீட்டில் பெற்றோருடன் உட்கார்ந்து பேசுவதும், சேர்ந்தபின் அன்றாடம் பயிற்சி தருவதும் பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளர்களின் வேலை.

அயோவாவின் தடுப்பாட்டத்துக்கு அப்படி வாய்த்தவர் ஃபில் பார்க்கர். 1999 முதல் அங்கிருக்கும் அவர் 2012-இல் அப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். பெரிய அணிகள் பொருட்படுத்தாத டெஸ்மண்ட் கிங் அவரிடம் பயின்று, 2015-இல் நாட்டின் சிறந்த பின்களத் தடுப்பாட்டக்காரருக்கான தார்ப் விருதைப் பெற்றார். ஓடபோல்ட் என்ற சிற்றூரிலிருந்து வந்த கூப்பர் டிஜீன் பள்ளியில் குவாட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவராக, ஆடியவர். அவரையும் எதிரணியின் ரிசீவர்களை (எறியும் பந்தைப் பிடிப்பவர்களை) மறிக்கும் கார்னர்பேக்காக மாற்றினார்கள். இப்படி ஒருவர் உருவாகும்போது, அடுத்த ஆண்டு இன்னொரு பையனின் வீட்டில் சொல்வதற்குப் பயிற்சியாளரிடம் சான்று இருக்கிறது.

தாக்குதல் பக்கம் இதே சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது. 2017 முதல் அப்பொறுப்பில் இருந்தவர் தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரன்ஸின் மகன் பிரையன். எதிராளிகளை மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் வீரர்களைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை; 2019-இல் ஹாக்கென்சன், ஃபான்ட் இருவருமே தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வின் முதல் சுற்றில் போனார்கள். ரிசீவர்களின் கதை வேறு. அயோவாவில் 2021-இல் 21 முறை பந்து பிடித்த சார்லி ஜோன்ஸ், பர்டூ பல்கலைக்கழகத்துக்கு மாறிய அடுத்த ஆண்டே 110 முறை பிடித்தார். இதைப் பார்க்கும் பதினேழு வயது ரிசீவர் எதற்காக அயோவாவைத் தேர்ந்தெடுப்பான்? நல்ல ரிசீவர் வராத இடத்துக்கு நல்ல குவாட்டர்பேக் வரத் தயங்குகிறான், பந்து வராது என்று தெரிந்தால் இருக்கிற ரிசீவரும் கிளம்பிவிடுகிறான்.

2023-இல் பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தி, அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளிகள் எடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். கிடைத்தது 15.4. அதே பருவத்தில் அணி 10 வெற்றிகள் பெற்றது, பார்க்கர் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதைப் பெற்றார், தான் ஆடும் பல்கலைக்கழகக் குழுமமான கான்ஃபரன்ஸின் இறுதியாட்டத்தில் மிச்சிகனிடம் அணி 26-0 என்று தோற்றது. ஒப்பந்தத்தில் எண்ணைக் குறித்ததை நான் தவறென்றே நினைக்கிறேன். புள்ளி குறைந்தது நோயின் அறிகுறி. பல ஆண்டுகளாக ரிசீவர்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் முடியாமல் போனதுதான் நோய்.

2024-இல் பிரையன் வகித்த தாக்குதல் பொறுப்புக்கு டிம் லெஸ்டர் வந்தார். ஏற்கெனவே அணியில் இருந்த கேலப் ஜான்சன், அந்தப் பருவத்தில் ஓடியே 21 டச்டவுன்கள் போட்டார். 2025-இல் மார்க் க்ரோனோவ்ஸ்கி குவாட்டர்பேக்காக அயோவாவில் சேர்ந்தார். அந்த 7-3 ஆட்டத்தில் சவுத் டக்கோட்டா ஸ்டேட்டின் குவாட்டர்பேக் அவர்தான்.